பாதித் தண்ணீர்

அக்கா அந்தக் கட்டடத்தில் வேலைக்குச் சேர்ந்தது மீன்களுக்காக. தரைத்தளத்தில் ஜன்னல் இல்லாத ஒரு நீண்ட அறை. அதில் நூற்றிருபது கண்ணாடித் தொட்டிகள். தொட்டிகளில் விரல் நீளத்துக்கு வரி போட்ட ஆராய்ச்சி மீன்கள். தீனி போடுவது, செத்ததை எடுத்துக் குறித்து வைப்பது, தண்ணீர் மாற்றுவது, இவைதான் வேலை. பதினொரு வருடம் செய்தார். பிறகு மீன்கள் வேறு கட்டடத்துக்குப் போயின. அக்காவை மூன்றாவது மாடிக்கு அனுப்பினார்கள். அங்கே வளர்ப்பது செல்களை.

"மீனாவது வாலை ஆட்டும். இதுங்க என்ன பண்ணும்?" என்று முதல் நாள் அவர் கேட்டதாக எலிக்காரர் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார். எலிக்காரர் அதே மாடியின் மறுகோடியில் ஆராய்ச்சிக்கான சுண்டெலிகளைப் பராமரிப்பவர். கட்டடத்தில் அக்காவை "தங்கச்சி" என்று கூப்பிடும் ஒரே ஆள் அவர்தான். மற்ற எல்லோருக்கும், ஏழு வயது மூத்தவரான பேராசிரியருக்குக்கூட, அவர் அக்கா.

செல் அறைக்கு இரண்டு கதவுகள். நடுவில் செருப்பைக் கழற்றி வேறு செருப்பு மாட்டி, கோட்டு போட்டு, முழங்கைவரை கழுவிக்கொண்டு உள்ளே போகவேண்டும். உள்ளே ஹூட் என்று சொல்லப்படும் கண்ணாடிப் பெட்டி ஓயாமல் சுத்தக் காற்றை ஊதிக்கொண்டிருக்கும். அதற்கு எதிரே முப்பத்தேழு டிகிரியில் இரண்டு இன்குபேட்டர்கள், ஒரு நுண்ணோக்கி, ஒரு ஃபிரிட்ஜ். இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் பக்கவாட்டில்தான் நிற்கமுடியும். அந்த அறையில் அக்கா பதினான்கு வருடமாக நாளுக்கு ஆறு மணி நேரம் இருந்தார்.

"அக்கா கை பட்டா பொழச்சுக்கும்" என்பது மாடியில் எல்லோரும் சொல்லும் பேச்சு. மற்றவர்கள் வைத்த தட்டில் செல்கள் மிதந்து செத்துப்போகும். அக்கா வைத்த தட்டில் ஒட்டிக்கொண்டு வளரும். இந்த மாதிரிப் புகழில் எனக்கு நம்பிக்கை குறைவு. ஒருவருக்கு நல்ல கை என்று நாம் சொல்வது பெரும்பாலும், யாரும் கேட்டுத் தெரிந்துகொள்ளாத ஒரு பழக்கத்தைத்தான். அக்காவின் விஷயத்தில் அது அப்படியே இருந்தது.

டாக்டரம்மா என்பவர் அந்த மாடிக்கு வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. டாக்டர் பட்டத்துக்கு ஆய்வு செய்பவர். பட்டம் இன்னும் வரவில்லை. எலிக்காரர் கேலிக்கு வைத்த பெயர் முன்கூட்டியே வந்து ஒட்டிக்கொண்டது. வயது முப்பத்தைந்து. இரண்டு குழந்தைகள். வேறொரு ஆய்வுக்கூடத்தில் தொடங்கிய வேலையை இங்கே கொண்டுவந்தவர் என்பதால் அவருடைய காலக்கெடு ஏற்கெனவே இரண்டு முறை நீட்டிக்கப்பட்டிருந்தது. மூன்றாம் முறை இல்லை என்று எழுத்தில் கொடுத்துவிட்டார்கள்.

அவர் எடுத்துக்கொண்ட கேள்வியைக் கொஞ்சம் சொல்லவேண்டும். எட்டரை நாள் ஆன சுண்டெலிக் கரு ஓர் எள்ளைவிடப் பெரிதல்ல. அதன் வால்முனைப் பக்கம் நூறுக்கு முன்பின்னாகச் சில செல்கள் ஒதுங்கி நிற்கும். அவை தோலாகவோ எலும்பாகவோ ஆகப்போவதில்லை. அந்த உடம்புக்கு அவற்றால் நேரடியாக ஒரு பயனும் இல்லை. நாளைக்கு முட்டையாகவோ விந்தாகவோ மாறி அடுத்த தலைமுறைக்குப் போகவேண்டியவை அவை. மூல இனச்செல்கள் என்று பெயர். அவை தோன்றும் இடம் ஒன்று, சேரவேண்டிய இடம் வேறு. குடலாகப் போகிற குழாய் வழியாகச் சில நாள் நடந்துதான் போய்ச் சேரவேண்டும். வழியெல்லாம் பக்கத்துச் செல்கள் அவற்றிடம் 'இரு, பெருகு, வா' என்று சொல்லிக்கொண்டே இருக்கின்றன. சொல்வது வாயால் அல்ல, சில புரதங்களால். வளர்ச்சிக் காரணிகள் என்று அவற்றைச் சொல்வார்கள். அந்தப் பேச்சு காதில் விழாத இடத்துக்கு வழிதவறிப் போன செல், யாரும் கொல்லாமல் தானே செத்துப்போகும்.

கருவிலிருந்து பிரித்துத் தட்டில் வைத்தாலும் இதே கதைதான். சொல்ல ஆள் இல்லையென்றால் ஒரு நாள் தாங்காது. மூன்று காரணிகள் வேண்டும். முதலாவது தண்ணீரில் கரைந்து இருப்பதைவிட, பக்கத்துச் செல்லின் மேற்பரப்பில் ஒட்டி இருந்தால்தான் முழுப்பலன் தரும்; தொட்டுச் சொல்லவேண்டிய சொல் அது. அதற்காகத் தட்டின் அடியில் முதலில் வேறு செல்களை விரித்து, அவை மேற்கொண்டு பெருகாதபடி கதிர்வீச்சால் நிறுத்திவைப்பார்கள். மாடியில் அவற்றுக்கு ஆயா என்று பெயர். "ஆயா போட்டாச்சா?" என்று வெளியாள் யாராவது கேட்டால் குழந்தைகள் காப்பகம் என்றே நினைப்பார். இரண்டாவது காரணி வளர்ப்பு நீரில் கரைந்தது. இந்த இரண்டும் இருந்தால் செல்கள் ஏறக்குறைய ஒரு வாரம் பெருகி, பிறகு தாமாக நின்றுவிடும். உடம்புக்குள்ளும் அவை அப்படித்தான் நிற்கின்றன. மூன்றாவதையும் சேர்த்தால் நிற்பதில்லை. குவியல் குவியலாக வளர்ந்து மாதக்கணக்கில் பெருகும். முட்டையாகவேண்டும், விந்தாகவேண்டும் என்ற தம் வேலையை விட்டுவிட்டு எதுவாகவும் ஆகக்கூடிய வேறொன்றாகிவிடும். நிற்கத் தெரிந்த ஒன்று நிற்க மறந்துபோகும் அந்த இடம்தான் டாக்டரம்மாவின் இடம். அவர் கேட்டது இவ்வளவுதான்: அந்த மூன்றாவது சொல்லை எத்தனை நாள் சொல்லவேண்டும்?

பதில் அவருக்கே வியப்பாக இருந்தது. சிவப்பு மூடி பாட்டிலில் இரண்டாவதும் மூன்றாவதும்; நீல மூடி பாட்டிலில் இரண்டாவது மட்டும். எல்லா நாளும் சிவப்பு கொடுத்த நான்கு தட்டுகளில் மொத்தம் எழுபது குவியல்கள் வந்தன. முதல் நாள் மட்டும் சிவப்பு, பிறகு நீலம் என்று கொடுத்த நான்கில் அறுபத்து மூன்று. சிவப்பே கொடுக்காத நான்கில் ஒன்றுமில்லை. திரும்பத் திரும்ப அப்படியே வந்தது. ஆக, ஒரு நாள் சொன்னால் போதும். பிறகு செல்கள் தாமே பார்த்துக்கொள்ளும். ஆய்வேட்டின் நான்காம் அத்தியாயத்துக்கு 'ஒரு நாள் போதும்' என்ற பொருளில்தான் தலைப்பு வைத்தார்.

தினமும் பழைய வளர்ப்பு நீரை எடுத்துப் புதியதை ஊற்றும் வேலை அக்காவுடையது. டாக்டரம்மா செய்தால் செல்கள் பெயர்ந்து மிதந்தன. வளர்ப்பு நீர் என்றோ ஊடகம் என்றோ யாரும் சொல்வதில்லை. இளஞ்சிவப்பாக இருக்கும் அதற்கு அந்த மாடியில் ஒரே பெயர், தண்ணி.

"தண்ணி மாத்தியாச்சா அக்கா?"

"மாத்தியாச்சு."

இரண்டு வருடம் இந்தக் கேள்வியும் இந்தப் பதிலும் தினமும் நடந்தன. இரண்டு பேரும் உண்மையையே பேசினார்கள்.

ஆய்வேட்டைக் கொடுக்க ஏழு வாரம் இருந்தபோது, ஒரு வியாழக்கிழமை மத்தியானம், டாக்டரம்மா தன் உரையை ஒத்திகை பார்க்க அக்காவையும் எலிக்காரரையும் சின்ன வகுப்பறைக்குக் கூப்பிட்டார்.

"உங்க ரெண்டு பேருக்கும் புரிஞ்சா எல்லாருக்கும் புரியும்."

"அதாவது எங்களவிட மடையங்க உலகத்துல இல்லைங்கிறீங்க," என்றார் எலிக்காரர்.

"ஐயோ அண்ணே, அப்படியில்ல."

"பரவால்ல, சொல்லுங்க. டீ வரும்ல?"

திரையில் படங்கள் வந்தன. அக்காவுக்கு அவை தெரிந்த முகங்கள்தான். ஒவ்வொரு தட்டையும் அவர் வளர்த்திருந்தார். ஆனால் எதற்காகச் சிவப்பு, எதற்காக நீலம் என்று அன்றுவரை யாரும் உட்கார்ந்து சொன்னதில்லை. மூடியின் நிறத்தைச் சொன்னால் போதும், அவர் செய்துவிடுவார்.

"ரெண்டாம் நாள் காலைல மூணாவதை முழுசா எடுத்துட்டோம்," என்றார் டாக்டரம்மா. "அதுக்கப்புறம் ஒரு சொட்டுகூட இல்ல. இருந்தும் வளருது. அதான் விஷயமே."

"ஒரு சொட்டுகூட இல்லன்னு எப்படித் தெரியும்?" எலிக்காரர் சும்மா கேட்டார். டீ வரும்வரை ஏதாவது கேட்கவேண்டும் அவருக்கு.

"தண்ணியத்தான் மாத்திட்டோமே அண்ணே."

டீ வந்தது. அக்காவின் கோப்பை ஆறிப்போய் மேலே ஆடை கட்டியது.

மீன் அறையில் தண்ணீர் மாற்றுவது என்றால் பாதி மாற்றுவது. முழுவதையும் ஒரேயடியாக மாற்றினால் சூடும் உப்பும் ஒரு நொடியில் வேறாகி மீன்கள் அதிர்ந்து சாகும். பதினொரு வருடம் அந்தச் சொல்லுக்கு அந்த ஒரு பொருள்தான் இருந்தது. மாடிக்கு வந்தபின், அழுத்தமாக ஒட்டிக்கொள்ளும் மற்றச் செல்களுக்கு, சொல்லிக்கொடுத்தபடியே குழாயால் முழுவதையும் உறிஞ்சி எடுத்தார். ஆனால் டாக்டரம்மாவின் செல்கள் தொட்டால் பெயர்பவை. முதல் வாரமே அவை மிதந்து போவதைப் பார்த்தபோது கை தானாகப் பழைய வழிக்குத் திரும்பியது. தட்டைச் சாய்த்து, மேலிருந்து பாதியை எடுத்து, ஓரமாகப் பாதியை விட்டார். செல்கள் பிழைத்தன. எல்லோரும் கையைப் பாராட்டினார்கள். எப்படி என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்கும்படியாக அதில் ஏதும் இருப்பதாக அவருக்கும் தோன்றவில்லை.

இப்போது தோன்றியது. இரண்டாம் நாள் மூன்றாவது காரணி போகவில்லை, அரை ஆனது. மூன்றாம் நாள் கால். நான்காம் நாள் அரைக்கால். ஐந்தாம் நாள் வீசம், பதினாறில் ஒன்று. ஒரு சொட்டுகூட இல்லை என்று திரையில் எழுதியிருந்த நாட்களில் எல்லாம், அது கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்தபடி தட்டில் இருந்துகொண்டுதான் இருந்தது.

வீட்டில் அக்காவின் கணவர் லிஃப்ட் பழுதுபார்ப்பவர். லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் நான்காவது மாடியில் குடியிருப்பதைத் தன் தொழிலுக்குக் கிடைத்த தண்டனை என்பார். அன்று சாயங்காலம் படியேறி வந்து மூச்சு வாங்க உட்கார்ந்தவரிடம் அக்கா விஷயத்தைச் சொன்னார்.

"மாத்துன்னா பாதிதான் மாத்துவியா?" என்றார் அவர். "இதுல எனக்கு ஒண்ணும் ஆச்சரியமில்ல. பெட்ஷீட்ட மாத்துன்னு சொன்னா தலகாணி உறைய மட்டும் மாத்துறவதான நீ."

"சிரிக்கிற விஷயமில்லங்க."

அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் சிரிப்பை நிறுத்தினார். "யாராவது உங்கிட்ட கேட்டாங்களா?"

"இல்ல."

"அந்தப் பொண்ணு பாட்டுக்கு பட்டம் வாங்கிட்டுப் போகட்டும். கேக்காத கேள்விக்கு நீ ஏன் போய் பதில் சொல்லணும்?"

"கேட்டாங்களே. தினமும் கேட்டாங்க, மாத்தியாச்சான்னு."

"நீயும் மாத்தியாச்சுன்னுதான் சொன்ன. பொய் சொல்லலையே."

"பொய் சொல்லல," என்றார் அக்கா. "ஆனா அவங்க எழுதி வச்சிருக்கிறது பொய்யா இருக்கு. அது பொய்யின்னு அவங்களுக்குத் தெரியாது. எனக்குத்தான் தெரியும்."

கணவர் கையைக் கழுவிக்கொண்டு வந்தார். "சொன்னா உன் வேலை?"

"தெரியல."

வெள்ளிக்கிழமை அக்கா சொல்லவில்லை. டாக்டரம்மா அன்றைக்கு முடி வெட்டிக்கொண்டு வந்திருந்தார். உரைக்கு இப்படியே இருக்கட்டும் என்று. சனிக்கிழமை மாடி காலியாக இருந்தது. அக்கா வெறும் தட்டுகள் நான்கை எடுத்தார். முதல் தட்டில் தண்ணீர் விட்டு நீல மையில் இரண்டு சொட்டு கலந்தார். அதில் பாதியை எடுத்து அடுத்த தட்டில் விட்டு அதே அளவு நல்ல தண்ணீர் சேர்த்தார். அதிலிருந்து பாதி அடுத்ததற்கு. இப்படி நான்கு. வெள்ளைத் தாளில் வரிசையாக வைத்துப் பார்த்தார். நான்காவது தட்டில் நீலம் வெளிறிப்போயிருந்தது. ஆனாலும் அது நீலம்தான். ஒன்றுமில்லை என்று தனக்குத் தானே சொல்லிக்கொள்ள அவர் ஆசைப்பட்டிருக்கவேண்டும். அதற்காகவே அதைச் செய்து பார்த்தார் என்று நினைக்கிறேன். தாள் மிகவும் வெள்ளையாக இருந்தது.

திங்கட்கிழமை காலையில் அந்த நான்கு தட்டுகளையும் தாளோடு டாக்டரம்மாவின் மேசையில் வைத்தார்.

"இதென்ன அக்கா?"

"இது முதல் நாள். இது ரெண்டாம் நாள். நான் தண்ணி மாத்துறது இப்படித்தான்."

டாக்டரம்மாவுக்கு உடனே புரிந்தது. நாற்காலியை நகர்த்தாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"எல்லாத் தட்டுமா?"

"உங்க தட்டு எல்லாம்."

"ரெண்டு வருஷமா?"

"ஆமாம்மா."

டாக்டரம்மா அடுத்துப் பேசியபோது குரல் மாறியிருந்தது. திரைக்கு முன்னால் பேசுகிற குரல் வந்திருந்தது. "அந்த மூணாவது சூடு தாங்காது அக்கா. முப்பத்தேழு டிகிரில ஒரு நாள் இருந்தாலே பெரும்பாலும் வலு போயிடும். நீங்க விட்டு வச்சதுல பெருசா ஒண்ணும் இருந்திருக்காது. அதனால..."

"அதனால பரவாயில்லயா?"

டாக்டரம்மா நான்காவது தட்டைத் தாளின்மேல் கொஞ்சம் நகர்த்தினார்.

"எனக்கு அந்த அளவுக்குப் படிப்பில்ல. பரவாயில்லன்னு நீங்க சொன்னா நான் போய் வேலையப் பாக்குறேன்."

டாக்டரம்மா அதைச் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். சூட்டில் வலு போகும் என்பது பொய்யில்லை. அதை ஒரு வரியில் எழுதிவிட்டு மேலே போயிருந்தால் கண்டுபிடிக்க ஆள் இல்லை. அவர் சொன்னது வேறு.

"ஏழு வாரம் கழிச்சு சொல்லியிருக்கக் கூடாதா நீங்க?"

"எனக்கே வியாழக்கிழமைதாம்மா தெரிஞ்சது."

"இன்னிக்குத் திங்கள்."

"ஆமா. மூணு நாள் சொல்லாம இருந்துட்டேன். அது தப்புதான்."

டாக்டரம்மா தட்டுகளைப் பேராசிரியரிடம் எடுத்துப் போனார். பேராசிரியர் அவற்றை ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தார். அவர் பேச்சு எப்போதும் குறைவு. யார்மேலும் கோபப்படவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. எலிக்காரரைக் கூப்பிட்டு, "எத்தனை பெண் எலி தயாரா இருக்கு?" என்று கேட்டார். பதிலைக் கேட்டு விரலால் ஏதோ எண்ணினார். "ரெண்டு தடவ செஞ்சு பாக்கலாம். மூணாவதுக்கு நாள் இல்ல."

முதல் தடவை டாக்டரம்மா தானே செய்தார். அக்காவை அறைக்குள்ளேயே விடவில்லை. இரண்டாம் நாள் காலையில் தண்ணீரை முழுவதும் எடுத்து, கழுவி, மறுபடி எடுத்தார். கழுவியதில் ஆயாக்கள் ஒரே தாளாக உரிந்து சுருண்டன. அவற்றோடு எல்லாம் போயிற்று. எல்லாத் தட்டையும் ஒரே மாதிரி கழுவவேண்டும் என்பதால், எல்லா நாளும் சிவப்பு கொடுக்கவேண்டியவையும் போயின. பன்னிரண்டு தட்டிலும் ஒன்றுமில்லை. அவர் வெளியே வந்து செருப்பு மாற்றும் பலகையில் ஒரு காலில் உள்செருப்பும் ஒரு காலில் வெளிச்செருப்புமாக உட்கார்ந்திருந்ததை எலிக்காரர் பார்த்தார்.

"இன்னும் அஞ்சு வாரம்கூட இல்லண்ணே. உங்க எலிங்கள கொஞ்சம் சீக்கிரம் சேரச் சொல்லுங்க."

"அதுங்களுக்கு என்ன டாக்டரம்மா, காலக்கெடுவா இருக்கு? சேரும்போதுதான் சேரும்." பிறகு கொஞ்சம் தயங்கி, "தங்கச்சியக் கூப்பிடுங்க," என்றார்.

அக்கா அந்த நாட்களில் சும்மா இருக்கவில்லை. கெட்டால் பரவாயில்லை என்ற வெறும் ஆயாத் தட்டுகளை அறைக்கு வெளியே ஒரு மேசையில் வைத்துக்கொண்டு, முழுவதும் எடுத்தும் உரியாமல் இருக்க என்ன செய்வது என்று தினமும் முயன்றுகொண்டிருந்தார். கையைப் புதிதாகப் பழக்குவதைவிடப் பழையதை மறக்கச் செய்வது கடினமாக இருந்தது. பாதி வந்ததும் விரல் தானாக நின்றுவிடும். தட்டுக்கு அடியில் ஓர் ஆப்பு வைத்துச் சாய்த்தார். தண்ணீரையும் கழுவும் நீரையும் உடல்சூட்டில் வைத்துக்கொண்டார். முனை மெலிந்த கண்ணாடிப் பிப்பெட்டைத் தட்டின் தரையில் படவிடாமல் சுவரோரம் வைத்து, மூச்சு விடுகிற வேகத்தில் இழுத்தார். கடைசியில் ஈரம் மட்டும் நிற்கும். அந்த ஈரத்திலும் மூன்றாவது காரணி கொஞ்சம் இருக்கும் என்பதால் மூன்று முறை கழுவவேண்டும். முழுவதும் என்று நாம் சொல்வது, அளக்கமுடியாத அளவுக்குச் சிறுத்துப்போன ஒரு மிச்சத்தைத்தான். அதை அக்காவுக்கு யாரும் சொல்லவில்லை. நீல மையை வைத்து, தாளில் வெள்ளை தெரியும்வரை எண்ணி, மூன்று என்று அவரே கண்டுகொண்டார்.

டாக்டரம்மா வந்து கேட்டார். கேட்பதற்கு அவருக்கு இரண்டு நாள் பிடித்தது.

இரண்டாம் தடவை, கழுவும் நாளன்று, பேராசிரியர் உள்ளே வந்து நின்றார். வருடக்கணக்கில் அந்த அறைக்கு வராதவர். கோட்டின் கை அவருக்குக் குட்டையாக இருந்தது. ஒரு தட்டுக்கு எட்டு நிமிடம். பன்னிரண்டு தட்டு. ஒன்றரை மணி நேரம் தாண்டியும் அக்கா நிமிரவில்லை. பேராசிரியரும் உட்காரவில்லை, ஒவ்வொரு முறையும் பிப்பெட் மேலே வந்தபோது உதடு அசைய எண்ணினார். முடிந்ததும் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே போனார்.

எட்டாம் நாள் தட்டுகளுக்குச் சாயம் ஏற்றினார்கள். இந்தச் செல்களின் குவியல் மட்டும் அதில் சிவப்பாகும். எண்ணுபவருக்கு எந்தத் தட்டு எது என்று தெரியக்கூடாது என்று எலிக்காரரிடம் கொடுத்தார்கள். அவர் பெயர்களின்மேல் தாள் ஒட்டி, சீட்டுக் கட்டைக் கலைப்பதுபோல் இடம் மாற்றி வைத்தார். டாக்டரம்மா நுண்ணோக்கியில் குனிந்து ஒவ்வொரு எண்ணாகச் சொன்னார். அக்கா கதவோரம் நின்றார். அன்று கேட்பதைத் தவிர அவருக்கு வேலை இல்லை. பிறகு எலிக்காரர் தாள்களை உரித்தார்.

எல்லா நாளும் சிவப்பு கொடுத்த நான்கில் அறுபத்தெட்டு. சிவப்பே கொடுக்காத நான்கில் ஒன்றுமில்லை. முதல் நாள் மட்டும் கொடுத்த நான்கில் பத்தொன்பது.

"பத்தொன்பது," என்றார் டாக்டரம்மா.

"இருக்குதே!" என்றார் எலிக்காரர்.

"அறுபத்து மூணு இல்லண்ணே."

"இருந்தாலும் இருக்குதே."

பேராசிரியர் எண்களைப் பார்த்து, "இது சின்ன விஷயமில்ல. ஆனா நீ முன்னாடி சொன்ன விஷயமும் இல்ல," என்றார். அவர் சொன்னதில் சரியான அளவு இருந்தது. ஒரு முறை கேட்ட சொல்லைப் பிடித்துக்கொண்டு மேலே போகும் செல்கள் உண்டு. அவை சில. மற்றவற்றுக்கு அந்தச் சொல் அருகில் எங்கோ, தேய்ந்து தேய்ந்தாவது, ஒலித்துக்கொண்டே இருக்கவேண்டும். முதலில் வந்த அறுபத்து மூன்றில் பெரும்பகுதி செல்களின் பிடிவாதம் அல்ல. அக்கா விட்டுவைத்த பாதி. இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் உண்மை. அப்படிச் சொன்னால் அத்தியாயத்தின் தலைப்பில் இருந்த பளபளப்பு போய்விடும். டாக்டரம்மா பதினொரு நாள் உட்கார்ந்து அந்த அத்தியாயத்தைத் திருப்பி எழுதினார். தலைப்பு மூன்று வரி நீளமாயிற்று.

பட்டம் கிடைத்தது. வாய்மொழித் தேர்வில், முதலில் வந்த எண்ணுக்கும் பின்னால் வந்த எண்ணுக்கும் ஏன் இவ்வளவு வித்தியாசம் என்று கேட்டார்களாம். "முதல் தடவை நாங்க தண்ணியப் பாதிதான் மாத்தியிருந்தோம்," என்றாராம் டாக்டரம்மா. நாங்க என்றுதான் சொன்னாராம். பின் வரிசையில் உட்கார்ந்திருந்த எலிக்காரர் இதை மாடி முழுக்கச் சொல்லிக்கொண்டு போனார். அக்காவிடம் சொன்னபோது அவர் ஆயாத் தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"மூணு நாள் சொல்லாம இருந்தது யாரு, நாங்களா?" என்றார்.

அவர் செய்ததைத் துணிச்சல் என்று நான் எழுதப்போவதில்லை. வெள்ளி, சனி, ஞாயிறு என்ற அந்த நாட்களை அவரே கணக்கிலிருந்து எடுக்கவில்லை. நான் எடுப்பது முறையல்ல. திங்கட்கிழமை நான்கு தட்டுகளைக் கொண்டுபோய் வைத்தார். அதைமட்டும் குறித்து வைக்கலாம்.

மாடியில் இப்போது யாரும் கை பற்றிப் பேசுவதில்லை. பழைய ஆய்வுகளில் வேறெங்காவது பாதி நின்றிருக்கிறதா என்று இரண்டு மாதம் தேடினார்கள்; இல்லை. ஆனாலும் பேராசிரியர் ஒரு விதி கொண்டுவந்தார். தண்ணீர் மாற்றும்போது இன்னொருவர் நின்று பார்க்கவேண்டும். எத்தனை முறை, எவ்வளவு என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போடவேண்டும். விதி எல்லோருக்கும் என்று சொல்லப்பட்டது. யாருக்காக என்று எல்லோருக்கும் தெரியும். இருபத்தைந்து வருடத்தில் முதல்முறையாக அக்கா தனியாக விடப்படவில்லை.

முதல் நாள் வேறு ஆள் கிடைக்காமல் எலிக்காரரை அனுப்பினார்கள். கோட்டும் முகமூடியும் போட்டுக்கொண்டு, எதையாவது தொட்டுவிடுவோமோ என்று கையைக் கட்டியபடி கதவோடு ஒட்டி நின்றார்.

"நான் எலி பாக்குற ஆளு. என்னையப் போய் உனக்குக் காவல் போட்டிருக்காங்க பாரு," என்றார். அவருக்குத்தான் கூச்சமாக இருந்தது. "நீ பாட்டுக்குச் செய் தங்கச்சி. நான் இப்படித் திரும்பி நின்னுக்கறேன். கடைசில கையெழுத்துப் போட்டுடறேன்."

அக்கா தட்டுக்கு அடியில் ஆப்பை வைத்தார். பிப்பெட்டை எடுத்தவர் மறுபடி கீழே வைத்தார்.

"திரும்பாதீங்கண்ணே. இன்னும் கொஞ்சம் கிட்ட வாங்க," என்றார். "அங்க நின்னா தெரியாது."